கிளிப்பச்சைக் காரும் அக்காவின் தோளும்

கார் எம்-சாண்ட் குவியலுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகாத கார். முன்பக்கக் கம்பிகளின் இடுக்கிலெல்லாம் மணல்.

நான் ஓடினேன். செருப்பில் ஒன்று வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது. வெயிலில் காய்ந்த தார் உள்ளங்காலைச் சுட்டது பிறகுதான் தெரிந்தது.

ஸ்டீயரிங் பக்கம் கோமதி அக்கா. பக்கத்து இருக்கையில் கபூர் பாய், இரண்டு கைகளாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி உறைந்திருந்தார். பம்மலில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவர். எங்களுக்காக இந்தக் காரைத் தகடு தகடாகத் தட்டி உருவாக்கியவர். அவர் அந்தப் பிரேக்கை இழுத்திருக்காவிட்டால் மணலைத் தாண்டிக் காம்பவுண்டுச் சுவர்தான்.

"யக்கா, அடி கிடி எதுனா பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல பாய். வண்டிக்கு?"

"வண்டி கெடக்குது, வுடு. இன்னாத்துக்குக்கா பிரேக் புடிக்கல?"

"புடிச்சேன். கை நிக்கல."

அக்காவின் இடது கை லீவரின் மேல் அப்படியே இருந்தது. தோளிலிருந்து விரல் வரை நடுங்கிக்கொண்டிருந்தது. யாருடைய கையோ என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் இறங்கினார். லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"இத்தோட போதும்க்கா. நான் இனிமே இந்த வண்டில ஏற மாட்டேன். உங்களயும் ஏத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு வெளிவாசலை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

காலே வேண்டாத வண்டி

படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. கிளிப்பச்சைக் கார் என்றாலே என் வயதுக்காரர்களுக்குப் போதும். கதாநாயகி வாசலில் நின்று கை தட்டினால் ஷெட்டிலிருந்து தானாக வெளியே வரும் குட்டையான கார். மேற்கூரை கிடையாது. பின்பக்கம் மீன்வால்போல் இரண்டு இறக்கைகள். ஓட்டுபவர் இருக்கை காலியாக இருக்கும், ஸ்டீயரிங் தன்பாட்டுக்குத் திரும்பும். கெட்டவர்களை அந்தக் கார் தெருத்தெருவாகத் துரத்தும்போது தியேட்டரே எழுந்து நிற்கும்.

தாம்பரத்தில் அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. அப்பா அக்காவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும், நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனதும் நினைவிருக்கிறது. நடை பழகிய சில மாதங்களிலேயே அக்காவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு கால்களும் துவண்டுவிட்டன. அந்தக் காலத்தில் அப்படிப் பல வீடுகளில் நடந்தது.

இடைவேளையில் அக்கா அப்பாவிடம் கேட்டாள்.

"அந்த வண்டிய ஓட்டக் காலே வேணாம்ல? எனக்கு அது வாங்கிக் குடுங்கப்பா."

அப்பா முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அவள் அழவில்லை. முறுக்கைத் தின்று முடித்தாள். இரும்புலியூர் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறுபடியும் கேட்டாள். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதும் கேட்டாள்.

அதுதான் அக்கா. கேட்பதை நிறுத்தத் தெரியாதவள்.

பம்மல் ரோட்டில் ஒரு தகராறு

பம்மலில் தோல் பைகள் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கா வேலைக்குப் போனாள். வெட்டும் மேசையில் வயிற்றைச் சாய்த்து முட்டுக் கொடுத்துக்கொண்டு, கால்களில் இரும்புப் பட்டையோடு, நாள் முழுக்க நின்றே தோல் வெட்டினாள். பின்னாளில் அந்தப் பிரிவுக்கு அவளே சூப்பர்வைசர். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே தோல் வாசனை முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள்.

பக்கவாட்டுச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போய் வருவாள். ஒருமுறை பம்மல் ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், "ஓரமா போக்கா, பேஜார் பண்ணாத" என்று கத்தினாராம். "ஓரமாத்தான் போறேன். நீதான் ரோட்டு நடுவுல கட போட்டுகினு நிக்கிற" என்று இவள் திருப்பிக் கத்தியிருக்கிறாள். வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, அந்த ரோட்டில் பேசுகிற தமிழ் வேறு. இரண்டிலும் அவளிடம் யாரும் ஜெயித்ததில்லை.

நான் மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தேன். ஒரு காரின் எந்தப் பாகத்தையும் தாளில் கொண்டுவந்துவிடுவேன். முழுக் காரை மட்டும் வரைந்ததில்லை. யாரும் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெற்ற அதே கோடையில்தான் அக்காவின் தோள்களுக்கு ஸ்கேன் எடுத்தோம்.

டாக்டர் சொன்னதும் அக்கா கேட்டதும்

ஊன்றுகோலில் உடம்பின் பாரம் முழுவதையும் ஏற்றி ஏற்றி இரண்டு தோள்களின் தசைநார்களும் தேய்ந்துபோயிருந்தன. இடது தோளில் கிழிசலே இருந்தது. அறுவை சிகிச்சை வேண்டும், ஆனால் உடனே வேண்டியதில்லை, மழைக்காலம் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

"அதுக்கப்புறம் கைக்குப் பழைய பலம் வருமா?" என்று அக்கா கேட்டாள்.

"வலி குறையும்மா. பலத்தப் பத்தி இப்பவே வாக்குக் குடுக்க முடியாது."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"தேவகி, அந்தக் கிளிப்பச்சைக் காரச் செய்யலாமா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று தெரிந்தது.

"கார்தான் வேணும்னா கை லீவர் வச்ச கார் வாங்கிடலாமேக்கா. நிறைய பேர் ஓட்டுறாங்க."

"கார் வேணும்னு யார் சொன்னா? அந்தக் கார் வேணும். ஆப்பரேஷனுக்கு முன்னாடி வேணும்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கையால் ஓட்டும்படி மாற்றிய காருக்கு முறையாக அனுமதி வாங்கி ரோட்டில் ஓட்டலாம். காரின் உடம்பையே வெட்டி வேறு உருவமாக்கினால் அப்படி ஓட்ட முடியாது. அது எங்களுக்குத் தெரியும். ரோட்டில் இறக்கும் எண்ணமே இல்லை. அக்கா கேட்டது ரோட்டை அல்ல.

சைக்கிள் சக்கரத்தை வைத்து அளந்த கார்

அசல் கார் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். அளவுகள் யாரிடமும் இல்லை. படத்தை டிவியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு காட்சியில் காரின் பக்கத்தில் பால்காரரின் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. சைக்கிள் சக்கரத்தின் அளவு அன்றும் இன்றும் ஒன்றுதான். அதை அளவுகோலாக வைத்துக் காரின் நீளம், கதவின் உயரம், வால் இறக்கையின் சரிவு எல்லாவற்றையும் கணக்கிட்டேன். ஓய்வு பெற்றபின் மூட்டை கட்டிய வரைபலகை மறுபடி கூடத்துக்கு வந்தது.

விபத்தில் முகம் நொறுங்கிய ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் காரைக் கபூர் பாய் கண்டுபிடித்தார். கிளட்ச் கிடையாது, அதுதான் எங்களுக்கு முக்கியம். பாயும் சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்தவர். வரைபடத்தை மேசையில் விரித்ததும் அவர் கண் வால் இறக்கையில்தான் போய் நின்றது.

"இத்த மட்டும் என் கையால தட்டணும். பசங்கள வுட மாட்டேன்."

கூரையை வெட்டி எடுத்த மறுநாள் கதவுகள் மூடவில்லை. கூரை போனதும் காரின் நடு முதுகு தொங்கிவிட்டது. பாய் தலையில் கை வைத்தார். நான் அடித்தளத்தை மறுபடி வரைந்தேன். இரண்டு பக்கமும் கனமான இரும்புக் குழாய்கள் ஓடும்படி செய்து, ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்து வெல்டிங் அடித்தோம். கதவு மூடியது. காரின் எடையும் கூடியது. அந்த எடை யார் தலையில் விடியும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

நிறத்துக்கு ஒரு வாரச் சண்டை. டிவியில் அந்தப் பச்சை ஒரு மாதிரி, போனில் வேறு மாதிரி. பாய் தகரத் துண்டுகளில் விதவிதமாகப் பூசிக் கொண்டுவந்தார். அக்கா ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, "இல்ல", "இல்ல" என்று ஒதுக்கினாள். கடைசியில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதுதான் நிறம்.

இருக்கைகளுக்கான தோலை அவளே வெட்டினாள். தன் பழைய கம்பெனியில் மிஞ்சிய பால்வெள்ளைத் தோல். வலிக்கும்போது கத்தியைக் கீழே வைப்பாள், தோளில் தைலம் தேய்த்துக்கொள்வாள், மறுபடி கத்தியை எடுப்பாள். இதற்கிடையில் கை லீவர் வைத்த காரில் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம் போய்ப் பழகியும் வந்தாள்.

திரையில் தெரிந்த இரண்டு விரல்கள்

கை லீவரை எங்கே பொருத்துவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்கா தான் இருக்கும் கீழ் வீட்டிலிருந்து மாடிக்குக் குரல் கொடுத்தாள். இறங்கிப் போனேன். போனில் படத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

"இங்க பாரு. டேஷ்போர்டுக்குக் கீழ."

கார் வேகமாகத் திரும்பும் காட்சி. கதவு லேசாக அதிர்ந்து திறந்து மூடும் ஒரு நொடி. இருட்டுக்குள் இரண்டு விரல்கள், ஒரு கம்பியைப் பிடித்தபடி.

யாரோ ஒருவர் அந்தக் காரின் தரையில் மடங்கிப் படுத்துக்கொண்டு, எதிரே என்ன வருகிறது என்றுகூடச் சரியாகத் தெரியாமல், கையாலேயே ஓட்டியிருக்கிறார். படத்தில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

அக்கா அந்த விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மனுஷன் படுத்துக்கிட்டே ஓட்டியிருக்கான்டி. எனக்கு உக்கார சீட்டாவது இருக்கு."

மணலுக்குப் பிறகு

மறைமலை நகரைத் தாண்டி, மனை போட்டு இன்னும் வீடு எழும்பாத ஒரு இடத்தில் ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. பாயின் வாடிக்கையாளர் ஒருவரின் குடும்ப நிலம். உள்ளே நல்ல தார் ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது.

காரை இழுவை லாரியில் ஏற்றி ஜி.எஸ்.டி. ரோட்டில் கொண்டுபோனோம். பெருங்களத்தூர் சிக்னலில் தார்ப்பாய் காற்றில் விலகி ஒரு பச்சை இறக்கை வெளியே தெரிந்தது. பக்கத்தில் பைக்கில் இருந்த நரைத்த மீசைக்காரர் இரண்டு முறை கை தட்டினார். படத்தில் கதாநாயகி தட்டுவதுபோலவே. லாரிக்குள் இருந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்கடுத்த மணி நேரத்தில்தான் மணல் குவியல்.

லீவரை முன்னால் தள்ளினால் பிரேக், தன்பக்கம் இழுத்தால் வேகம். நேர் ரோட்டில் நன்றாகத்தான் போனாள். வளைவில் நிறுத்தத் தள்ளியபோது, இரும்புக் குழாய்களால் கனத்த காரை நிறுத்தக் கூடுதல் பலம் வேண்டியிருக்க, கிழிந்த தோள் விட்டுக்கொடுத்துவிட்டது.

அன்று வீடு திரும்பியதும் நான் அவளிடம் சொன்னேன்.

"போதும்க்கா. செஞ்சாச்சு, ஓட்டியும் பாத்தாச்சு. தோள் முழுசா கிழிஞ்சிடுச்சுன்னா?"

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"என் கையத் தள்ளு."

தள்ளினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். அப்போதும் அசையவில்லை.

கையை மார்பு உயரத்துக்குத் தூக்கினாள். முகம் சுளித்தது. "இப்பத் தள்ளு." ஒரு விரலால் தொட்டதுமே கை பின்னால் போய்விட்டது.

"கீழ பலம் இருக்கு. மேல இல்ல. நீ லீவர எங்க வச்ச?"

மார்பு உயரத்தில் வைத்திருந்தேன். அங்கே வைத்தால்தான் டேஷ்போர்டின் அழகு கெடாது. சைக்கிள் சக்கரத்தை வைத்துக் காரை அங்குலம் அங்குலமாக அளந்தவள், ஓட்டப்போகிற அக்காவை அளக்கவே இல்லை.

அன்று அவளைக் காரின் இருக்கை உயரத்தில் உட்காரவைத்து டேப்பைப் பிடித்தேன். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை. எந்தக் கோணத்தில் வலிக்கிறது, எங்கே வலிக்கவில்லை. லீவர் இடுப்புக்குப் பக்கத்தில் இறங்கியது. நீளம் கூடியது, ஊன்றும் இடம் மாறியது. இப்போது கொஞ்சம் தூரம் அதிகமாகத் தள்ள வேண்டும். ஆனால் பாதி பலம் போதும்.

வரைபடம் தயார். செய்ய ஆள்தான் இல்லை.

பட்டறையில் ஒரு காத்திருப்பு

காலையில் அக்கா ஸ்கூட்டரை எடுத்தாள். நானும் பின்னாலேயே போனேன். கபூர் பாய் ஒரு வேனுக்குக் கதவு ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்க்காததுபோல் வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அக்கா அங்கே கிடந்த ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்தாள். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தாள். டீ வந்தது, குடித்தாள். வேன் கதவு ஒட்டி முடிந்தது. இன்னொரு வண்டி வந்தது. அதுவும் போனது. மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. பாய் தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்தார். அவள் அதே இடத்தில் இருந்தாள்.

கடைசியில் அவரே வந்து எதிரில் குந்தினார்.

"இன்னாக்கா இது? உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்? தூக்கமே வர்ல தெரியுமா? கண்ண மூடுனா அந்தச் செவுருதான் வருது."

"எனக்கும் அந்தச் சுவர்தான் வருது பாய்."

"அப்புறம்?"

"அதுக்குத்தான் வந்தேன். சுவரோட நிறுத்திட்டா ஆப்பரேஷன் தியேட்டர்லயும் அதான் வரும். நீங்க ஏற வேணாம். செஞ்சு மட்டும் குடுங்க."

நான் வரைபடத்தை நீட்டினேன். பாய் வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேக்கணும். டிரைவிங் ஸ்கூல் வண்டில இருக்கும் பாரு, பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக்கு? அது வெக்கிறேன். தங்கச்சி அதுல கால வச்சிகினு குந்தணும். மொதல்ல அவங்களோட ஓட்டு. அப்பால தனியா. சரின்னா சொல்லு, இல்லன்னா இப்பவே கெளம்பு."

"சரி" என்றாள் அக்கா. அவள் யாருடைய நிபந்தனையையும் பேரம் பேசாமல் ஏற்றுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

கால் வைக்காமல் இருந்தது

மறுபடி அதே மனை. அதே ரோடு. மணல் குவியலை யாரோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள், அந்த இடத்தில் ஈரத்தடம் மட்டும் இருந்தது. வானம் மூடியிருந்தது.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வலது கால் அந்தக் கூடுதல் பிரேக்கின் மேல். ஒரே கையால் திருப்புவதற்காக ஸ்டீயரிங்கில் பொருத்திய குமிழை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையால் லீவரை மெல்லத் தன்பக்கம் இழுத்தாள். கார் நகர்ந்தது.

வளைவு நெருங்கியது. சுவர் தெரிந்தது. என் கால் தானாக அழுத்தப் போனது.

"கால எடு" என்றாள், ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல்.

எடுத்தேன். என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று. முழங்கை இடுப்போடு ஒட்டியிருக்க, அவள் லீவரைத் தள்ளினாள். கார் முனகாமல் நின்றது. சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு லாரி நிற்கும் இடம் இருந்தது.

திரும்பத் திரும்ப நிறுத்தினாள். வேகமாக வந்து நிறுத்தினாள், மெதுவாக வந்து நிறுத்தினாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்குது. நிக்குதுல்ல?" என்றாள்.

பிறகு என்னை இறங்கச் சொன்னாள். நான் பாயைப் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை தலையசைத்தார்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, அறுவை முடிந்த அக்கா கீழே கூடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, விரல்களை எறும்புபோல மேலே மேலே ஏற்றிப் பழகிக்கொண்டிருக்கிறாள். வலி குறைந்திருக்கிறது. பலம் எவ்வளவு வரும் என்று இன்னும் தெரியவில்லை. காரைப் பாயின் பட்டறையில் மூடி வைத்திருக்கிறோம்.

ஆனால் அன்று அவள் தனியாகக் கிளம்பினாள். முதல் சுற்று முடிந்து எங்களைத் தாண்டிப் போனபோது மழை பிடித்தது. சட்டென்று, பெரிய பெரிய துளியாக. நானும் பாயும் ஓடிப்போய் வாட்ச்மேன் அறையின் தகரத்துக்குக் கீழே நின்றோம்.

"யக்கா! மேல கூரை இல்லக்கா! வந்துடு!" பாய் கத்தினார்.

நான் குடையைத் தேடினேன். அதற்குள் வளைவைத் திரும்பி அவள் வந்துகொண்டிருந்தாள். பச்சையெல்லாம் நீர் வழிய, முடி நெற்றியில் ஒட்டியிருக்க, பால்வெள்ளைத் தோல் இருக்கை நனைவதைப் பற்றிய கவலையே இல்லாமல். கண்ணாடியில் வைப்பர் மட்டும் அங்குமிங்கும் ஆடியது.

நான் குடையைத் தூக்கி ஆட்டினேன். அவளும் கையாட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு கை குமிழில், ஒரு கை லீவரில். இரண்டுக்கும் வேலை இருந்தது.

வலது முழங்கையால் ஹாரனை அழுத்தினாள். எங்களைத் தாண்டி இன்னொரு சுற்றுக்குப் போனாள்.